நோர்வே இல்லாத மேசை

1

பாரிஸின் லாச்சப்பலில் இஸ்ரேல்–பலஸ்தீனப் பிரச்சினை தினமும் பின்னேரம் மூன்றரை மணிக்குத் தொடங்கும். நாலரைக்குத் தவம் ஸ்தேனிலுள்ள வீட்டுக்குப் பஸ் பிடிக்க வேண்டும், ஆகவே அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இதுவரை வந்ததில்லை. விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடங்குவோம்.

இடம் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு தேநீர்க் கடை. ஒரு பக்கம் நகைக்கடை, மறுபக்கம் புடவைக்கடை. உள்ளே மூன்று மேசைகள், கடைசி மேசை எங்களுடையது. சுவர்ப்பக்கம் நான் இருப்பேன். கண்ணாடிப் பக்கம் தவம் இருப்பான். நடுவில் அந்துவான் ஐயா. நான் சொல்வதை அவர் தவத்துக்குச் சொல்வார், தவம் சொல்வதை எனக்குச் சொல்வார். எங்கள் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருவரும் பேசுவது தமிழ்தான். மேசையின் அகலம் ஒரு முழம்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோபக்காரர் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை, மூன்றாம் ஆளுக்குத்தான் சொல்வார்கள். ஆள் அகப்படாவிட்டால் பூனைக்காவது சொல்வார்கள். பிரான்ஸில் பிறந்தவர்களுக்கு இது விளங்காது. என் மகள் ஆரபி ஒருநாள் கடைக்கு வந்து, நின்றபடி பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, இருவருக்கும் ஒரே பாஷைதானே, மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். அவளுக்கு அதற்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது.

தவம் என் மனைவி மலரின் தம்பி. நானும் அவனும் கதைப்பதை விட்டுப் பதினாறு வருஷம்.

அந்துவான் ஐயா பாண்டிச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் சண்டையில் எந்தப் பக்கமும் சாராதவர், எவர் மீதும் கோபம் இல்லாதவர், சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்க் கொடுப்பவர். ஆகவே கடைக்காரர் அவருக்கு ‘நோர்வே’ என்று பெயர் வைத்தார். எங்கள் நாட்டுச் சமாதானப் பேச்சுக்கு நடுவராக வந்து, மிகவும் மரியாதையாக நடந்து, கடைசியில் மரியாதையாகவே திரும்பிப்போன நாடு அது. பெயரின் காரணம் ஐயாவுக்குத் தெரியாது. தான் கொஞ்சம் வெள்ளையாக இருப்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருந்தார். நாங்கள் யாரும் திருத்தவில்லை.

2

காசாவில் யுத்தநிறுத்தம் என்று போனில் செய்தி வந்த அன்று தவம் கடையிலிருந்த எல்லோருக்கும் லட்டு வாங்கினான். தட்டு என் முன்னாலும் வந்தது. எனக்குச் சீனி வருத்தம் என்று கடைக்காரரிடம் சொன்னேன். எனக்கு அந்த வருத்தம் இல்லை.

“ஐயா, உவரிட்டைச் சொல்லுங்கோ,” என்றான் தவம். “இந்த முறை வரும். ரெண்டு பக்கமும் களைச்சுப்போச்சு. களைச்ச ஆக்கள்தான் கையெழுத்து வைப்பினம்.”

“இந்த வாட்டி சமாதானம் வருமாம், தம்பி,” என்றார் ஐயா என் பக்கம் திரும்பி. “ரெண்டு பேருமே களைச்சிட்டாங்களாம்.”

“பலமுள்ளவன் களைக்கிறேல்லை எண்டு சொல்லுங்கோ ஐயா. அவன் நிண்டு மூச்சு வாங்கிறான். அவ்வளவுதான். பிறகு திரும்பத் தொடங்குவான்.”

“அப்ப கடைசிச் சனம் சாகும்வரைக்கும் அடிபடச் சொல்லுறாரோ எண்டு கேளுங்கோ.”

“குடுக்கிற துண்டு நிலத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடச் சொல்லுறாரோ எண்டு நீங்கள் கேளுங்கோ.”

ஐயா ஒவ்வொன்றையும் திருத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். வேகம் கூடினால் கையை உயர்த்தி, “ஒண்ணொண்ணா சொல்லுங்கப்பா” என்பார்.

தவத்தின் கட்சி இதுதான்: இரண்டு நாடு, சின்ன நாடானாலும் நாடு, முதலில் உயிர், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். என் கட்சி: அடிக்கிறவனும் அடிவாங்கிறவனும் ஒரே மேசையில் இருந்தால் அது பேச்சுவார்த்தை இல்லை, அடிக்கு நடுவில் ஒரு இடைவேளை. இதையே நாங்கள் இரண்டு வருஷமாகப் பல சொற்களில் சொல்லி வந்தோம்.

கடையின் மற்ற மேசைகளுக்கும் கருத்து உண்டு. இளமையில் எங்கள் ஆட்கள் பலருக்கு யூதர்கள் மாதிரி ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தது. அத்தனை காலம் அலைந்தும் கடைசியில் ஒரு நாட்டைப் பிடித்துவிட்டார்களே என்று வாய்பிளந்து நின்றோம். எங்கள் யுத்தம் முடிந்த விதத்துக்குப் பிறகு அதே ஆட்கள் நாங்கள் பலஸ்தீனர் மாதிரி என்று சொல்லத் தொடங்கினார்கள். நடுவில் எவரும் தாங்களாக இருக்க முயன்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஐயாவிடம் ஒருநாள் அவருடைய கருத்தைக் கேட்டோம். நெடுநேரம் யோசித்தார். “எங்க ஊர்ல பிரெஞ்சுக்காரன் போனது கையெழுத்துலதான் தம்பி. கடுதாசி சரியா இருந்தா எதையும் முடிச்சிரலாம்,” என்றார். தவம் தலையாட்டினான். பாண்டிச்சேரியில் எவன் வீட்டின் மேலும் எவனும் வீடு கட்டவில்லையே என்று நான் சொன்னேன். இதை நான் ஐயாவுக்கே நேரடியாகச் சொன்னேன். அவரோ பழக்கத்தில் தவத்தின் பக்கம் திரும்பி இன்னொருமுறை சொன்னார்.

3

நான் வேலை செய்வது கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்றில். சமையல் நான். ஊரில் அரியாலையில் பிறந்த ஒருவன் வைனில் அவித்த மாட்டிறைச்சியைச் சாப்பிட்டுவிட்டுப் பாரிஸ்காரர்கள் தங்கள் அம்மாவின் கைப்பக்குவம் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

முதலாளி மிஸ்யூ அல்பேர் துனீசியாவில் பிறந்த யூதர். சின்ன வயதில் குடும்பத்தோடு ஒரு பெட்டியுடன் இங்கே வந்தவர். அவருடைய தங்கை இஸ்ரேலில், காசாவுக்குக் கிட்ட ஒரு பட்டினத்தில் இருக்கிறாள். பரிமாறுகிற நபீல் பலஸ்தீனியன். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். சொந்தம் எல்லாம் காசாவில்.

பிரெஞ்சு ரெஸ்ரோறன்றுகளில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. மத்தியானக் கூட்டம் வருமுன், முதலாளி தொடக்கம் கோப்பை கழுவுகிறவர் வரை எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட வேண்டும். அந்தச் சாப்பாட்டையும் நான்தான் சமைப்பேன். அல்பேர் பன்றி சாப்பிடமாட்டார், நபீலும் சாப்பிடமாட்டான். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் முழு உடன்பாடு இருந்தது.

தேநீர்க் கடைக்குக் கொண்டுபோக எனக்குச் சரக்குத் தேவைப்பட்டதால் இருவரிடமும் தனித்தனியே கேட்டிருக்கிறேன். சமாதானம் வருமா என்று.

அல்பேர் கணக்குப் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றினார். “நான் இரண்டு நாடு வேண்டும் என்கிறவன். எப்போதும் அப்படித்தான். என் தங்கை சொல்கிறாள், உனக்குப் பாரிஸில் வீடு இருக்கிறது, அதனால் உனக்கு இரண்டு நாடு கட்டுப்படியாகும் என்று. அவள் சைரன் கேட்டால் ஓட வசதியாகச் செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் படுக்கிறவள். அவளுடைய மகன் அங்கே படையில் இருக்கிறான். அவளோடு நான் தர்க்கம் செய்வதில்லை.”

நபீல் கரண்டிகளைத் துடைத்துக்கொண்டே சொன்னான். “அப்பா இரண்டு நாடு வரும் என்று காத்திருந்து செத்துப்போனார். அண்ணன் ஒரே நாடு, எல்லோருக்கும் ஒரே வாக்கு என்று காத்திருக்கிறான். நான் மாமியிடமிருந்து போன் வரும் என்று காத்திருக்கிறேன்.” பிறகு என்னைப் பார்த்தான். “உங்கள் நாட்டில் சமாதானம் வந்துவிட்டதா?”

“சண்டை முடிந்துவிட்டது,” என்றேன்.

“நான் அதைக் கேட்கவில்லை.”

அடுப்பில் வெங்காயம் கருகுகிறது என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

அந்த இருவரும் இதைப் பற்றித் தங்களுக்குள் கதைத்து நான் கேட்டதில்லை. மோசமான செய்தி வந்த நாட்களிலும் மேசைக்கு வருவார்கள். அல்பேர் பாண் ரொட்டியைப் பிய்த்து நபீலின் பக்கம் தள்ளுவார், நபீல் அவருக்குத் தண்ணீர் ஊற்றுவான். பணயக்கைதிகள் வீடு திரும்பிய அன்று அல்பேர் கீழ் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியே நின்றார். சிறையிலிருந்து பலஸ்தீனர்களை ஏற்றிய பஸ்களைப் போனில் பார்த்தபடி நபீல் பின்வாசலில் நின்றான். பிறகு இருவரும் கண்ணைக் கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார்கள்.

அவர்கள் கதைக்காமல் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். நானும் தவமும் சாப்பிடாமல் ஒன்றாகக் கதைத்தோம்.

இந்தத் தகவலை நான் தேநீர்க் கடையில் சொன்னதே இல்லை. அது தவத்தின் கட்சிக்கு உதவும்.

4

எங்கள் யுத்தம் வன்னியில் முடிந்தபோது என் மாமியார், மலருக்கும் தவத்துக்கும் அம்மா, அங்கே இருந்தார். எந்த இடம், எந்த நாள் என்று தெரியாது. உடல் இல்லை. கூட ஓடிவந்தவர்கள் சொன்னதைக் கேட்டு, நாங்களாகவே ஒரு நாளைக் குறித்து, இங்கே எங்கள் வீட்டில் அந்தியேட்டிக் கிரியை செய்தோம். சாப்பாட்டில் இருக்கும்போது தவம் சொன்னான்:

“அண்டைக்கு அந்தப் பேச்சுவார்த்தை மேசையிலை தந்ததுக்கு ஓமெண்டிருந்தா அம்மா இண்டைக்கு இருந்திருப்பா.”

அவன் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, சோற்றைப் பார்த்துத்தான் சொன்னான்.

நான், “செத்தவீட்டிலை துரோகிக் கதை கதையாதை,” என்றேன்.

அவன் பாதிச் சாப்பாட்டில் எழும்பினான். எச்சில் கையோடு வாசலில் நின்று, “இனி இந்த வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன்,” என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் ஆட்களிடம் இதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. ஒரு வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவினால் உறவு. கை நனைக்கமாட்டேன் என்றால் முடிந்தது, இதற்கு நோட்டரி தேவையில்லை. அவன் என் வீட்டில் நனைக்காவிட்டால் நான் எதற்கு அவன் வீட்டில் நனைக்க வேண்டும் என்று நானும் அன்றே தீர்மானித்தேன்.

மலர் தம்பியை விடவில்லை. சனிக்கிழமைகளில் அவளையும் பிள்ளையையும் ஸ்தேனுக்குக் காரில் கொண்டுபோய் விடுவேன். அவர்கள் நாலாம் மாடிக்கு ஏறுவார்கள், நான் கீழே காரில் இருப்பேன். தவத்தின் மனைவி எனக்கென்று ஒரு பெட்டியில் புட்டும் குழம்பும் கட்டிக் கொடுத்தனுப்புவாள். அது பின்சீட்டில் இருந்து மணக்கும். பனி கொட்டினாலும் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். ஆரபி பின்னால் இருந்து அதைச் சாப்பிட்டு முடிப்பாள். அவள் அப்படித்தான் வளர்ந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் காசாவில் யுத்தம் தொடங்கிய நாட்களில், தேநீர்க் கடையில் வேறு கதிரை இல்லாததால் தவம் எங்கள் மேசையில் வந்து இருந்தான். அவன் காலையில் கார் து நோரில் ரயில்களைத் துப்புரவாக்கும் வேலை செய்கிறவன். எனக்கு மத்தியானச் சமையலுக்கும் இராச் சமையலுக்கும் நடுவில் மூன்று மணித்தியாலம் ஓய்வு. நடுவில் ஐயா இருந்தார். தொலைக்காட்சியில் ஒரு அம்மா இடிந்த வீட்டைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். தவம் ஐயாவிடம் ஏதோ சொன்னான். நானும் ஐயாவிடம் ஏதோ சொன்னேன். அப்படியே பழகிப்போயிற்று.

எங்கள் சண்டையைப் பற்றி அந்த மேசையில் ஒரு சொல்லும் வந்ததில்லை. மற்றவர்களுடைய சண்டையைப் பற்றி எவ்வளவும் கதைக்கலாம். அதில் எங்கள் வீட்டு அம்மா இல்லை.

5

இந்த வருஷம் ஆரபிக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை லியோனில் வளர்ந்த எங்கடை பெடியன். ஆரபியைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தமிழ் தெரியும், குறைந்தபட்சம் சாப்பாட்டின் பெயர்கள் தெரியும்.

பிரான்ஸில் ஐயர் கட்டிவைக்குமுன் நகரசபை கட்டிவைக்க வேண்டும். மெரி என்பார்கள். அதற்கு ஒரு கட்டுக் காகிதம். பிறப்புச் சான்றிதழ் மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். மனிதன் பிறந்த செய்தி பழசாகிவிடும் என்று அவர்களுக்குப் பயம். சாட்சிக்காரரின் பெயர், விலாசம், அடையாள அட்டைப் பிரதியும் வேண்டும். ஆரபி தன் சாட்சியாகத் தவத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். கவுண்டரில் இருந்த பெண் உறவுமுறை கேட்டபோது கூடப்போன நான்தான் சொல்ல வேண்டி வந்தது: என் மச்சான். பிரெஞ்சில் மச்சானுக்கு அழகான சகோதரன் என்றுதான் அர்த்தம் வரும். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவனை நான் முதல்முதலாக அப்படி ஒரு அரசாங்க அலுவலகத்தில்தான் சொன்னேன்.

வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று.

“உங்களிட்டை கேட்டா அந்துவான் ஐயாவிட்டை சொல்லுவீங்கள்,” என்றாள். தமிழில் சொன்னாள். முக்கியமானவற்றுக்கு மட்டும் தமிழ் வரும்.

அவளுக்கும் காசா பற்றி ஒரு கருத்து உண்டு. சட்டம் படித்தவள். எத்தனை நாடு என்பது தனக்கு முக்கியமில்லை, அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஒரே சட்டம் இருந்தால் போதும் என்பாள். ஊர்வலத்துக்குப் போவாள், அவளோடு அவளுடைய யூதச் சிநேகிதியும் போவாள். நீங்களும் மாமாவும் தொலைக்காட்சியில் வந்தவர்கள் மாதிரிக் கதைக்கிறீர்கள், உங்களை யார் கேட்டது என்பாள்.

தவம் அக்காவிடம் பதில் சொல்லிவிட்டான். மெரிக்கு வருவானாம், கையெழுத்து வைப்பானாம். வீட்டுக்கு வரமாட்டானாம்.

அது மலருக்குப் போதவில்லை. கல்யாணத்துக்கு முன் நல்லநாள் பார்த்துப் பலகாரச்சூடு வைக்க வேண்டும். சொந்தக்காரர் எல்லாம் வீட்டில் கூடி, அடுப்பு மூட்டி, முதல் பலகாரத்தை எண்ணெயில் போட்டு, இருந்து சாப்பிட்டுப் போவார்கள். பாரிஸில் மிச்சப் பலகாரம் கடையிலிருந்துதான் வரும் என்றாலும் முதல் எண்ணெய் வீட்டில்தான் கொதிக்க வேண்டும். கோபக்காரர் அதற்கு முன்னரே சமாதானமாக வேண்டும் என்பது ஒழுங்கு.

“எனக்கு அம்மாவும் இல்லை,” என்றாள் மலர். “அவன் ஒருத்தன்தான் மிச்சம். அவன் வந்து சாப்பிடாட்டில் நான் அடுப்பு மூட்டமாட்டன். மண்டபத்திலை நீங்களே தனிய நிண்டு தாரை வாருங்கோ.”

தனியே தாரை வார்க்க முடியாது. பெண்ணைக் கையளிக்கத் தம்பதியாக நிற்க வேண்டும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஐயருக்கும் தெரியும்.

“இலையிலை இருந்து எழும்பினவன் அவன். அவன்தான் வரவேணும்.”

“துரோகி எண்டு சொன்னவர் நீங்கள். நீங்கள்தான் போகவேணும் எண்டு அவன் சொல்லுறான்.” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “இஞ்சேருங்கோ, காசாப் பிரச்சினையைத் தீர்க்க உங்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் இருக்கு. ஸ்தேனிலை நாலாம் மாடிக்கு ஏற நேரம் இல்லை.”

அன்றிரவு அவள் என்னோடு கதைக்கவில்லை. உப்பு வேண்டுமா என்று ஆரபி மூலம் கேட்டாள்.

6

நான் நம்பியிருந்தது நோர்வேயைத்தான். ஐயா இரண்டு பேரையும் கையில் பிடித்து, போதும் விடுங்கப்பா என்று ஒரு சொல் சொன்னால் யாருக்கும் தோல்வி இல்லாமல் முடிந்துவிடும். யார் முதலில் என்ற கேள்வியே வராது.

அவர் குளிருக்குப் பாண்டிச்சேரி போய்விட்டார். எல்லா வருஷமும் போகிறவர்தான், இந்த வருஷம் மூட்டுவலியால் முந்திப் போய்விட்டார். கடைசி நாள் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி, “ரெண்டு பேரும் பாத்துப் பேசிக்குங்க,” என்றார். நாங்கள் இருவரும் அவரைப் பார்த்துத் தலையாட்டினோம்.

மறுநாள் மூன்றரைக்கு நான் சுவர்ப்பக்கம், தவம் கண்ணாடிப் பக்கம், நடுவில் வெறும் கதிரை. யுத்தநிறுத்தமும் இருக்கிறது, குண்டும் விழுகிறது என்று தொலைக்காட்சி சொன்னது. எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. தவத்துக்கும் இருந்தது என்பது அவன் தேநீரைக் கலக்கிய விதத்தில் தெரிந்தது. கடைக்காரரைக் கூப்பிட்டு அவர் மூலம் ஒரு வசனம் அனுப்பிப் பார்த்தேன். பாதி வசனத்தில் அவருக்கு உழுந்துவடை ஓடர் வந்தது.

நாலரை மணி வரை இருவரும் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்க ஆள் இல்லாமல் போனபின் என் கருத்தும் எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை.

பலகாரச்சூட்டுக்குக் குறித்த ஞாயிறு கிட்ட வந்தது. மலர் மா வாங்கவில்லை. நான் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன்.

7

அந்தக் கிழமைதான் நபீல் வேலையை விட்டுப் போனான்.

சட்டையில் ஒரு சின்ன பாட்ஜ் குத்தியிருந்தான். அவனுடைய ஊர்க் கொடி, நகமளவு. சாப்பிட வந்த ஒருவர் முதலாளியிடம் முறையிட்டார். பரிமாறும்போது மட்டும் கழற்றிவை என்று அல்பேர் சொன்னார். சத்தம் போடவில்லை, கெஞ்சினது மாதிரித்தான் சொன்னார். போன மாதம் அவர் தங்கையின் மகனுடைய படத்தைப் படையுடுப்போடு கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தபோது தான் ஒன்றும் சொல்லவில்லையே என்று நபீல் கேட்டான். அவனும் சத்தம் போடவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து, கதிரையில் வைத்து, எனக்குக் கையசைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் பதினொரு மணிக்கு நான் கோழியும் சோறும் மேசையில் வைத்தேன். அல்பேர் வந்து நின்று மேசையைப் பார்த்தார். பசியில்லை என்றார். முதலாளி சாப்பிட இருக்காததால் மற்றவர்களும் மேசையில் இருக்கவில்லை. கல்லாவில் அந்தப் படமும் இல்லை, எடுத்துவிட்டிருந்தார். நான் சட்டியை மூடினேன். பதினெட்டு வருஷ வேலையில் அந்த மேசையில் எவரும் சாப்பிடாத நாள் அதுதான்.

மத்தியானம் முழுக்கச் சமைத்துக்கொண்டே யோசித்தேன். என் கட்சிக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஒன்றாக இருந்து சாப்பிட்டவர்களே பிரிந்துவிட்டார்கள். இனித் தவம் என்ன சொல்வான்? மூன்றரை எப்போது வரும் என்றிருந்தது.

கடைக்காரர் எங்கள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து, எதிரில் இருந்த தவத்துக்குக் கேட்கிற மாதிரித் தொடங்கினேன். “அண்ணை, எங்கடை ரெஸ்ரோறன்றிலை ஒரு யூதரும் ஒரு பலஸ்தீனப் பெடியனும்...” இரண்டு வருஷம் ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பாணைச் சொன்னேன், தண்ணீரைச் சொன்னேன், பாட்ஜைச் சொன்னேன். இண்டைக்கு மேசையிலை வைச்சது வைச்சபடி கிடக்கு, ஒருத்தரும் தொடேல்லை என்று முடித்தேன். வெற்றிக் குரலில் சொல்லத்தான் நினைத்திருந்தேன். கடைசிச் சொல் வெற்றியாக வரவில்லை. நபீல் ஏப்ரனை மடித்த விதம் கண்ணுக்குள் நின்றது.

கடைக்காரர் துணியை வைத்துக்கொண்டு நின்றார். தவம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமாதானம் வரும், அது ஒரு பாட்ஜ்தானே, நாளைக்குத் திரும்பி வருவான் என்று ஏதாவது சொல்வான் என எதிர்பார்த்தேன். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

“அப்ப நீங்கள் இண்டைக்குச் சாப்பிடேல்லையோ, அத்தான்?” என்றான்.

என்னைப் பார்த்துத்தான் கேட்டான். நடுக்கதிரையில் யாரும் இல்லை.

“இல்லை,” என்றேன்.

அவன் பையைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தான். அவனுக்கும் அன்று சாப்பிட நேரம் கிடைக்கவில்லை போலும், பெட்டி நிறையப் புட்டும் குழம்பும் இருந்தன. பாதியை மூடியில் தட்டி என் பக்கம் தள்ளினான். வெளிச் சாப்பாடு இங்கே சாப்பிடக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. கடைக்காரர் அந்த அறிவித்தலுக்கு முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றார்.

பதினாறு வருஷம் காருக்குள் மணந்த புட்டு. நபீலின் வேலை போனதில் எனக்கு இது கிடைத்தது என்று நினைக்க வெட்கமாக இருந்தது. ஆனாலும் சாப்பிட்டேன். நல்ல பசி.

கை கழுவிவிட்டு வந்து, “ஞாயிற்றுக்கிழமை பலகாரச்சூடு,” என்றேன்.

“தெரியும்,” என்றான்.

“மலர் இன்னும் மா வாங்கேல்லை.”

“நான் வாங்கிக்கொண்டு வாறன்.” எழும்பிப் பையை மாட்டினான். வாசலுக்குப் போனவன் நின்றான். “அந்தப் பெடியனை விட்டிடாதேங்கோ.”

8

நபீலைத் தேடிப் போனேன். சென் தெனியில் ஒரு வெதுப்பகத்தில் வேலை எடுத்திருக்கிறான். மாமி போன் எடுத்தாவாம், கூடாரத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். கல்யாண அட்டையைக் கொடுத்தேன். முதலாளி வருவாரா என்று கேட்டான். அழைத்திருக்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். அல்பேரும் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலைத்தான் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று மண்டபத்தின் இரண்டு முனையிலும் இரண்டு மேசை ஒதுக்கியிருக்கிறோம். ஒரு மேசை போதும் என்கிறாள் ஆரபி. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

ஞாயிறு காலை தவம் மனைவியோடு வந்தான். கையில் மா, பயறு, சர்க்கரை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பதினாறு வருஷத்துக்கு முன் எந்த இடத்தில் நின்றானோ அந்த இடத்தில் கொஞ்சம் நின்றான். மலர் பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். புகை எச்சரிக்கை மணியை ஆரபி முன்னரே கழற்றி வைத்திருந்தாள். முதல் பயற்றம் பணியாரம் எண்ணெயில் விழுந்தபோது மலர் அழுதாள். எண்ணெய்ப் புகை என்றாள்.

சாப்பாட்டுக்கு இருந்தோம். இலை கிடைக்கவில்லை, தட்டுத்தான். அவன் எனக்கு எதிரில் இருந்தான்.

“அங்கை சமாதானம் எண்டைக்கோ வரும் அத்தான்,” என்றான், சோற்றைப் பிசைந்தபடி.

“வராது தவம்.”

“வரும். கொஞ்சம் விட்டுக்குடுத்தால் வரும்.”

“ஆர் விட்டுக்குடுக்கிறது?”

அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான். இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு சோற்றைப் பார்த்துச் சொன்னான்.

“அண்டைக்கு ஓமெண்டிருந்தா அம்மா இருந்திருப்பா.”

அதே வசனம்தான். குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. இதற்குப் பதினாறு வருஷமாக நான் எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். வரலாறு, ஒப்பந்தங்கள், யார் யாரை ஏமாற்றினார்கள் என்ற விபரம் எல்லாம் கைவசம் இருந்தன. அவன் சொல்வது சரி என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. பிழை என்று சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

“இருந்திருந்தா,” என்றேன், “பயற்றம் பணியாரத்துக்கு மா கூடிப்போச்சு எண்டு இண்டைக்கு முழுக்க எங்களைப் பேசியிருப்பா.”

அவன் சிரித்தானா அழுதானா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. மலர் வந்து இருவருக்கும் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்தோம். கையைக் கழுவலாம் என்று ஆரபி சொன்னாள், இருமுறை சொன்னாள். அன்று பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போன தவம், கையில் சோறு காய்ந்து ஒட்டிய பிறகும் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.